தார்ரோட்டுக்கும் மண்தடத்துக்கும் சேர்த்து ஒரே சைக்கிள்: புதிதாக வாங்குபவர்களுக்கு

ஒரு சைக்கிள்தான் வாங்க முடியும், இரண்டாவதுக்கு வீட்டில் இடமும் இல்லை, பணமும் இல்லை. ஆனால் வாரநாளில் தார்ரோட்டில் விரட்டிப் போகவும் வேண்டும், ஞாயிற்றுக்கிழமை வாய்க்கால் கரையிலோ இட்டேரியிலோ (இரண்டு பக்கமும் வேலி வைத்த தோட்டத்து மண்வழி) இறங்கவும் வேண்டும். அப்படி நினைப்பவர்களுக்குத்தான் இது. மோட்டார் பைக் இல்லை, மிதிக்கிற சைக்கிளைப் பற்றித்தான் பேசுகிறேன். கோவை, பொள்ளாச்சி, ஈரோடு பக்கத்துப் பாதைகளை மனதில் வைத்து எழுதுகிறேன், மற்ற ஊர்க்காரர்கள் உங்கள் ஊர் மண்ணுக்குத் தகுந்த மாதிரி எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைக்குள் நுழைந்ததும் "எம்டிபி பாக்கறீங்களா, ஹைப்ரிட் பாக்கறீங்களா?" என்றுதான் கேட்பார்கள். எம்டிபி என்பது தடித்த டயர் வைத்த மலைப்பாதைச் சைக்கிள், ஹைப்ரிட் என்பது அதற்கும் ரேஸ் சைக்கிளுக்கும் நடுவில் இருப்பது. அதற்கு உடனே பதில் சொல்லிவிட வேண்டாம். இந்த மாதிரி இரண்டு வேலை பார்க்கிற சைக்கிளில் முதலில் பார்க்க வேண்டியது டயரின் அகலம், அடுத்து அந்த ஃபிரேமுக்குள் அதிகபட்சம் எவ்வளவு அகலமான டயர் நுழையும் என்பது. கியர், பிரேக், பிராண்டு, நிறம் எல்லாம் அப்புறம். டயரை வைத்தே பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

1. உங்கள் பாதையை எழுதிப் பாருங்கள்

ஒரு தாள் எடுத்து, அடுத்த ஆறு மாதத்தில் உண்மையிலேயே எங்கெல்லாம் ஓட்டப் போகிறீர்கள் என்று எழுதுங்கள். ஆசைப்படுகிற இடங்களை விட்டுவிட்டு, போகப் போகிற இடங்களை மட்டும். ஆபீஸ் போய் வர 12 கி.மீ. தார், காலையில் குளக்கரை ஒரு சுற்று, மாதத்தில் இரண்டு தடவை கீழ்பவானி வாய்க்கால் கரை, எப்போதாவது ஏற்காடு என்கிற மாதிரி. தார் எத்தனை பங்கு, மண் எத்தனை பங்கு என்று இதில் தெரிந்துவிடும். பெரும்பாலானவர்களுக்கு எண்பது பங்கு தாராகத்தான் இருக்கும், அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

அடுத்து, அந்த மண் என்ன மண்? இது முக்கியம். இறுகிய செம்மண் வண்டித்தடம் என்றால் மெல்லிசான ரேஸ் சைக்கிள் டயரைத் தவிர எந்த அகல டயரும் ஓடும். சரளைக்கல் கொட்டிய வாய்க்கால் கரைக்கு 38 மி.மீட்டராவது வேண்டும். ஆற்றுமணலும் கடற்கரை மணலும் இந்த வகைச் சைக்கிளுக்கு ஒத்துவராது, இறங்கித் தள்ள வேண்டியதுதான். கரிசல் மண் காய்ந்திருக்கும் வரை தங்கம். ஒரு மழை பெய்துவிட்டால் டயரில் ஒட்டி, ஒட்டின மண் மேல் மறுபடி மண் ஒட்டி, முன்சக்கரத்தைப் பிடித்திருக்கிற ஃபோர்க்குக்கும் டயருக்கும் நடுவில் அடைத்து, சக்கரமே சுற்றாமல் நின்றுவிடும். குச்சியால் நோண்டி எடுத்துவிட்டு நாலடி போனால் மறுபடி அடைக்கும். உடுமலை, கோவில்பட்டி பக்கம் ஓட்டுகிறவர்கள் டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவே இருக்கிற இடைவெளியைத்தான் மற்ற எதையும்விட முதலில் பார்க்க வேண்டும்.

காட்டுக்குள் போகிற திட்டம் இருந்தால் இப்போதே அடித்துவிடுங்கள். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் போகக் கூடாது. மருதமலை, தடாகம் அடிவாரத்தில் அதிகாலையும் அந்தியும் யானை நடமாடுகிற நேரம். ஓட்டுவதற்கு வாய்க்கால் கரை, ஏரிக்கரை, தோட்டத்து வழி, ஊரை ஊரோடு இணைக்கிற மண்ரோடு என்று நிறையவே இருக்கிறது.

2. டயர்

டயரின் பக்கவாட்டில் 40-622 என்றோ 700x40சி என்றோ அச்சடித்திருக்கும். 40 என்பது அகலம், மில்லிமீட்டரில். 622 என்பது ரிம்மில் டயர் உட்காருகிற இடத்தின் விட்டம். 700சி என்பதும் 29 இஞ்ச் என்பதும் இதே 622தான், அகலம் மட்டும்தான் வேறு. 27.5 இஞ்ச் 584, 26 இஞ்ச் எம்டிபி 559. இதை ஏன் சொல்கிறேன் என்றால், நம்மூர்ப் பழைய பெரிய சைக்கிளின் 28 இஞ்ச் டயர் 635. பார்ப்பதற்கு ஒரே அளவு போல இருக்கும், 700சி ரிம்மில் உட்காராது. கிராமத்துக் கடையில் டயர் கிழிந்து நிற்கும்போது இது தெரியாமல் ஒரு டயரை வாங்கி வைத்துக்கொண்டு விழிக்கக் கூடாது.

அகலத்தை இப்படிப் பிரித்துக்கொள்ளலாம். 25, 28 மி.மீ. என்பது ரேஸ் சைக்கிள் டயர். தாருக்கு மட்டும்தான், சரளையில் இறங்கினால் ஹேண்டில் கையில் நிற்காது. 32 என்பது மோசமான தார்ரோட்டுக்கும் இறுகிய செம்மண்ணுக்கும் சரி. 38 முதல் 42 வரைதான் நமக்கு வேண்டிய இடம், தாரில் பெரிதாக வேகம் குறையாது, சரளையில் தைரியமாக இறங்கலாம். 45க்கு மேல் 50 வரை போனால் மண்ணில் இன்னும் நிம்மதி, தாரில் கொஞ்சம் இழுக்கும். இரண்டு இஞ்சுக்கு மேல் எம்டிபி டயர், அதுவும் பெரிய பட்டன் (டயர் மேல் துருத்தி நிற்கிற ரப்பர் கட்டி) வைத்தது என்றால், தாரில் "ஹ்ர்ர்ர்" என்று ஒரு சத்தம் கூடவே வரும், அந்தச் சத்தம் முழுக்க உங்கள் கால் போட்ட உழைப்பு.

பட்டன் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். நடுவில் வழவழப்பாகவோ நெருக்கமான சின்னக் கோடுகளாகவோ, ஓரத்தில் மட்டும் பட்டன் வைத்ததாகவோ இருந்தால் அதுதான் இரண்டு வேலைக்கும் ஏற்றது. நேராகப் போகும்போது நடுப்பகுதி மட்டும் தரையைத் தொடும், மண்ணில் சாய்த்துத் திருப்பும்போது ஓரத்துப் பட்டன் பிடிக்கும்.

இனி காற்று. புதிதாக வாங்குகிறவர்கள் கல்லு மாதிரி அடித்துவிட்டு "சைக்கிள் தூக்கிப் போடுது" என்று குறை சொல்வது இதில்தான். 70 கிலோ எடை உள்ள ஒருவர் 40 மி.மீ. டயரில் தாருக்கு 50 பிஎஸ்ஐ வைத்து, மண்ணில் இறங்கும்போது 40க்குக் குறைக்கலாம், பின் சக்கரத்துக்கு நாலைந்து கூட வைத்துக்கொள்ளலாம். எடை கூடினால் காற்றும் கூட்டுங்கள், டயரில் எழுதியிருக்கிற உச்ச அளவைத் தாண்ட வேண்டாம். ரொம்பவும் குறைத்தால் கல்லில் ஏறும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் ட்யூப் நசுங்கி, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கீறலாகப் பஞ்சராகும். பாம்பு கடித்த தடம் போலவே இருக்கும். கேஜ் வைத்த பம்ப் ஒன்றை சைக்கிளோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள், கட்டை விரலால் அமுக்கிப் பார்த்து 40க்கும் 55க்கும் வித்தியாசம் சொல்ல முடியாது.

வால்வையும் கவனியுங்கள். பைக் ட்யூபில் இருக்கிற அதே தடித்த வால்வ் என்றால் எந்தப் பஞ்சர் கடையிலும் காற்றடிக்கலாம். மெல்லிசாக, நுனியில் சின்னத் திருகு வைத்தது என்றால் அது பிரெஸ்டா, கடை நாசில் அதில் ஏறாது. சிறிய பித்தளை அடாப்டர் ஒன்று கிடைக்கும், விலையும் சொற்பம், சீட்டுக்கு அடியில் பையில் ஒன்று போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கடையில் நிற்கிற சைக்கிளில் 35 போட்டிருக்கலாம். அது பரவாயில்லை. "இதுல 42 போட்டா உள்ள தட்டாம ஓடுமா?" என்று கேளுங்கள். தெரியாது என்றால் நீங்களே குனிந்து பாருங்கள்: ஃபோர்க்கின் இரண்டு காலுக்கு நடுவிலும், பின்னால் பெடலுக்குப் பக்கத்தில் டயரை ஒட்டி வருகிற இரண்டு குழாய்க்கு நடுவிலும் டயரின் இரு பக்கமும் சுண்டுவிரல் நுழைகிற இடம் இருக்க வேண்டும். டயருக்கு மேலிருந்து இறங்கி ரிம்மைக் கவ்வுகிற காலிப்பர் பிரேக் வைத்த ரேஸ் சைக்கிள்களில் பெரும்பாலும் 28க்கு மேல் நுழையவே நுழையாது. "ரேஸ் சைக்கிளே வாங்கிட்டு அப்புறம் பெரிய டயர் மாத்திக்கலாம்" என்ற யோசனை அதோடு முடிந்தது.

3. சஸ்பென்ஷன் வேண்டுமா?

இந்த வகை ஓட்டத்துக்கு வேண்டாம். விலை குறைந்த சைக்கிள்களில் வருகிற சஸ்பென்ஷன் ஃபோர்க் ஒரு சாதாரண ஸ்பிரிங், இரண்டு கிலோவுக்கு மேல் கனக்கும். சாதா ஃபோர்க் அலுமினியத்தில் ஒரு கிலோ சுமார்தான். சஸ்பென்ஷன் ஃபோர்க் என்றால் ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்கும்போது முன்பக்கம் மேலும் கீழும் ஆடி, நீங்கள் போடுகிற பலத்தில் கொஞ்சத்தைத் தின்றுவிடும். இரண்டு வருடம் தூசியும் மழையும் பட்டால் ஆடுவதும் நின்று கனம் மட்டும் மிஞ்சும். வாய்க்கால் கரைக்கும் இட்டேரிக்கும் 40 மி.மீ. டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்தாலே அதிர்வு அடங்கிவிடுகிறது. முன்னும் பின்னும் சஸ்பென்ஷன், தடித்த டயர், பளபளப்பான ஸ்டிக்கர், விலை பத்தாயிரத்துக்குள் என்று ஒன்று கண்ணில் பட்டால் தயவுசெய்து நகர்ந்துவிடுங்கள். அந்த விலையில் உருப்படியான சஸ்பென்ஷன் ஒன்றுகூடச் செய்ய முடியாது, இரண்டு எங்கிருந்து வரும்?

மணிக்கட்டு வலி, தோள்பட்டைப் பிரச்சினை இருக்கிறவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு. அவர்கள் லாக் போடுகிற வசதி உள்ள ஃபோர்க்காகப் பாருங்கள், தாரில் பூட்டிவிட்டு மண்ணில் திறந்துகொள்ளலாம்.

4. இப்போது வகையைப் பேசலாம்

தார் எண்பது, மண் இருபது என்று உங்கள் தாளில் வந்திருந்தால் சாதா ஃபோர்க் வைத்த ஹைப்ரிட் போதும். நேர் ஹேண்டில், 700சி சக்கரம், முதுகு ரொம்ப வளையாது, டிராபிக்கில் தலையைத் தூக்கிப் பார்க்கலாம். புதியவர்களில் பத்துக்கு ஏழு பேருக்கு இதைத்தான் சொல்வேன்.

ஒரே மூச்சில் நூறு கி.மீ. போகிற ஆசை இருக்கிறது, 13 மணி 30 நிமிடத்துக்குள் 200 கி.மீ. முடிக்க வேண்டிய பிரெவே என்கிற நெடுந்தூர ஓட்டமெல்லாம் பார்க்கலாம் என்றிருக்கிறீர்கள், ஆனால் மண்ணையும் விட மனமில்லை என்றால் கிராவல் சைக்கிள். ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில், பிடி மாற்றி மாற்றிப் பிடிக்கலாம், நாலு மணி நேரம் ஓட்டும்போது அதன் அருமை உள்ளங்கைக்குத் தெரியும். எதிர்க்காற்றில் குனிந்துகொள்ளலாம், பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் பொள்ளாச்சி ரோட்டில் மிதித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. புதிதாக வாங்கினால் பெரும்பாலும் ஐம்பதாயிரத்துக்கு மேல்தான் ஆரம்பிக்கும்.

மண் பாதிக்கு மேல் என்றால் பின் சஸ்பென்ஷன் இல்லாத எம்டிபி வாங்கி, பட்டன் குறைந்த டயர் போட்டுக்கொள்ளுங்கள். ஏற்கெனவே வீட்டில் ஒரு எம்டிபி தூசி படிந்து நிற்கிறது என்றால் புதிதாக எதுவும் வாங்காமல் முதலில் டயரை மட்டும் மாற்றி ஒரு மாதம் ஓட்டிப் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம், நிறையப் பேருக்குத் தேடிக்கொண்டிருந்த சைக்கிள் அதுவாகவே இருக்கும்.

5. கியரும் பிரேக்கும்

"21 கியர் சார்" என்பார்கள். முன்னால் மூன்று, பின்னால் ஏழு, பெருக்கினால் 21, ஆனால் அதில் பாதி ஒன்றுக்கொன்று கிட்டத்தட்ட ஒரே மாதிரி. நீங்கள் எண்ண வேண்டியது பற்களை. முன்னால் இருக்கிற சின்னப் பல்சக்கரத்தில் எத்தனை பல், பின்னால் இருக்கிற பெரிய பல்சக்கரத்தில் எத்தனை பல்? முன்னால் 28, பின்னால் 28 என்றால் பெடல் ஒரு முழுச் சுற்று சுற்றினால் சக்கரமும் ஒரு சுற்று. சுமாரான ஏற்றத்துக்கு அது போதும். 20 கொண்டை ஊசி வளைவு உள்ள ஏற்காடோ 70 வளைவு உள்ள கொல்லிமலையோ மனதில் இருந்தால் பின்னால் 32, 34 பல் இருக்கிற மாதிரி பாருங்கள். முன்னால் ஒரே பல்சக்கரம், பின்னால் ஒன்பது பத்து என்று வருகிற புது வகையும் நல்லதுதான், மண்ணில் குழப்பம் குறைவு, செயின் கழன்று விழுவதும் குறைவு.

பின்னால் எட்டு பல்சக்கரம், அதற்கு மேல் என்றால் சக்கரத்தின் நடுவில் இருக்கிற ஹப் பெரும்பாலும் கேசட் ஹப்பாக (பல்சக்கரங்களைச் செருகி மாட்டுவது) இருக்கும், ஏழு என்றால் திருகி மாட்டுகிற ஃப்ரீவீல். ஃப்ரீவீல் ஹப்பில் பால்ரஸ் உள்ளே தள்ளி இருப்பதால், கனமானவர்கள் குண்டும் குழியுமான பாதையில் அடித்து ஓட்டினால் அச்சு வளையும். 85 கிலோவுக்கு மேல் இருப்பவர்கள் கொஞ்சம் கூடக் கொடுத்து கேசட் உள்ளதாகவே வாங்குங்கள்.

பிரேக்கில் டிஸ்க் நல்லது. ரிம்மை இரண்டு பக்கமும் பிடிக்கிற வி-பிரேக் மோசமில்லை, ஆனால் மண்ணும் சேறும் பிரேக் ஷூவில் ஒட்டி ரிம்மையே தேய்த்துவிடும். ஹைட்ராலிக் டிஸ்க் ஒரு விரலால் பிடித்தாலே நிற்கும், ஆனால் பழுது பார்க்க ஆள் தெரிந்த கடை வேண்டும். அப்படி ஒரு கடை உங்கள் ஊரில் இல்லை என்றால் கேபிளில் இழுக்கிற டிஸ்க்கே போதும், கேபிள் எங்கும் கிடைக்கும். ஒன்று மட்டும் எப்போதும் நினைவில் இருக்கட்டும்: டிஸ்க் மேல் ஒரு சொட்டு ஆயில்கூடப் படக்கூடாது. ஓவராயிலுக்கு விட்டால் சில கடைகளில் சைக்கிள் முழுக்க ஸ்ப்ரே அடிப்பார்கள், டிஸ்க் பக்கம் துணி போட்டு மூடச் சொல்லிப் பக்கத்தில் நின்று பாருங்கள்.

6. அளவு, ஓட்டிப் பார்ப்பது

நல்ல சைக்கிள் தப்பான அளவில் வாங்கினால் மூலையில்தான் நிற்கும். செருப்பில்லாமல் சுவரில் சாய்ந்து நின்று, ஒரு நோட்டுப் புத்தகத்தைத் தொடைகளுக்கு நடுவே மேல்வரை ஏற்றிப் பிடித்து, அதன் மேல்விளிம்பிலிருந்து தரை வரை அளந்துகொள்ளுங்கள். அந்த அளவை 0.883ஆல் பெருக்கினால், பெடல் சுற்றுகிற அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேல்வரை இருக்க வேண்டிய உயரம் கிடைக்கும். 78 செ.மீ. என்றால் சுமார் 69. கணக்கு வேண்டாம் என்றால், சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வைத்துக் கீழே இறக்கும்போது முழங்கால் சரியாக நீள வேண்டும். முன்பாதத்தை வைத்து மிதிக்கும்போது லேசான மடிப்பு தானாக வந்துவிடும். சீட்டில் உட்கார்ந்தபடி இரண்டு பாதமும் தரையில் ஊன்ற வேண்டும் என்று பலர் தாழ்த்தி வைத்துக்கொள்கிறார்கள், முழங்கால் வலி அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.

மேல் குழாயைத் தாண்டி நிற்கும்போது தாருக்கு 3 செ.மீ., மண்ணுக்கு 5 செ.மீ. இடைவெளியாவது வேண்டும். மண்ணில் திடீரென்று கால் ஊன்ற வேண்டிவரும், அதற்குத்தான்.

ஓட்டிப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். கடை வாசலில் ஒரு ரவுண்டு போதாது, பத்து நிமிடம் கேளுங்கள். ஒரு ஸ்பீடு பிரேக்கரில் எழுந்து நின்று ஏறி இறங்குங்கள், ஒரு கையை விட்டுப் பின்னால் திரும்பிப் பாருங்கள், எல்லாக் கியரையும் ஒரு தடவை மாற்றுங்கள். மெதுவாகப் போகும்போது ஹேண்டிலை முழுக்கத் திருப்பி, பெடலை முன்னால் வைத்து, உங்கள் ஷூ நுனி முன்டயரில் இடிக்கிறதா என்று பாருங்கள். சின்ன அளவு கிராவல் சைக்கிள்களில் இது நடக்கும், இட்டேரியில் குறுகலாகத் திரும்பும்போது அதனாலேயே கீழே விழுவார்கள். இறங்கி வந்ததும் கேரியருக்கும் மட்கார்டுக்கும் திருகு ஓட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பழைய சைக்கிள் என்றால் முன் குழாய் ஒட்டுகிற இடத்தில் வெல்டிங்கில் முடி போல விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள், பெயிண்ட் வெடித்திருந்தாலே சந்தேகப்படலாம். செயினில் ஒரு ஆணியின் நடுவிலிருந்து 24 கண்ணி எண்ணி ஸ்கேல் வைத்தால் சரியாக 12 இஞ்ச் வர வேண்டும். எட்டில் ஒரு இஞ்ச் கூடியிருந்தால் செயின் மட்டுமில்லை, பல்சக்கரங்களும் போயிருக்கும், அந்தச் செலவை விலையில் குறைக்கச் சொல்லுங்கள்.

7. முள்

வெளிநாட்டு வழிகாட்டிகளை மட்டும் நம்பி வாங்குகிறவர்கள் கோட்டை விடுகிற இடம் இது. நம்மூர் மண்தடத்தில் சீமைக் கருவேலமுள்ளும் நெருஞ்சியும் இல்லாத இடம் குறைவு. வேலி வெட்டிப் போட்ட வாரத்தில் வாய்க்கால் கரையில் போனால் ஒரே சக்கரத்தில் மூன்று பஞ்சர் சாதாரணம். முள் தடுக்கிற பட்டை வைத்த டயராக வாங்குங்கள், கனம் கூடும், கூடட்டும். பிறகு ட்யூபுக்குள் பஞ்சர் அடைக்கிற திரவம் ஊற்றிக்கொள்ளலாம், நெருஞ்சி அளவு ஓட்டைக்கு நன்றாகவே கேட்கும். ட்யூப்லெஸ் போடுகிறவர்கள் நம்ம வெயிலில் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை திரவத்தைச் சேர்க்க வேண்டும்.

கருவேலமுள் ஏறினால் நுனி உடைந்து டயருக்குள்ளேயே நிற்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது. புது ட்யூப் போட்டு ஒரு கி.மீ. போவதற்குள் மறுபடி காற்று இறங்குவது அதனால்தான். ட்யூபைக் கழற்றியதும் பஞ்சையோ பழைய துணியையோ டயரின் உள்பக்கம் ஒரு முழுச் சுற்று தேய்த்துக்கொண்டே வாருங்கள், நூல் மாட்டுகிற இடத்தில் முள் இருக்கும். விரலால் தேடினால் விரலில் ஏறும். கூடுதல் ட்யூப் இரண்டு, டயர் கழற்றுகிற பிளாஸ்டிக் லிவர், கைப்பம்ப், ஒட்டு இவற்றோடு சின்ன இடுக்கி ஒன்றும் பையில் இருக்கட்டும்.

8. பணம், வீட்டுக்குக் கொண்டுவருவது

கையில் இருக்கிற எல்லாவற்றையும் சைக்கிளுக்கே கொடுத்துவிடாதீர்கள். 30,000 இருக்கிறது என்றால் 24,000க்கு சைக்கிள் பாருங்கள், மீதி ஹெல்மெட், முன்பின் விளக்கு, பம்ப், ட்யூபுகள், பூட்டு என்று சரியாகப் போய்விடும்.

ஆன்லைனில் வாங்கினால் பெட்டியில் முக்கால்வாசி பூட்டிய நிலையில் வரும். மீதியை நீங்களே பூட்டுவதாக இருந்தால் இரண்டு விஷயம். இடது பெடலுக்குத் திருகு எதிர்ப்பக்கம், வலதைப் போலத் திருகினால் மரை போய்விடும். முன் ஃபோர்க்கைத் திருப்பி மாட்டிவிட்டு அப்படியே ஓட்டுகிறவர்கள் நிறைய, நீங்கள் சீட்டில் உட்கார்ந்த நிலையில் டிஸ்க் பிரேக் இடது பக்கம், ஃபோர்க் காலுக்குப் பின்னால் இருக்க வேண்டும்.

புது சைக்கிளில் முதல் மாதத்தில் கேபிள் தளரும், கியர் சரியாக விழாது, ஸ்போக் இளகும். உங்களுக்குப் பழுதான வண்டி வந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம், எல்லா வண்டிக்கும் இப்படித்தான். கடையில் இலவச முதல் சர்வீஸ் என்று ஒன்று கொடுத்திருப்பார்கள், சோம்பல்படாமல் கொண்டுபோய் கியர் டியூனிங் செய்யச் சொல்லுங்கள், இரண்டு சக்கரத்திலும் கோட்டம் பார்த்து எடுக்கச் சொல்லுங்கள். மண்ணில் நீண்ட தூரம் போகிற திட்டத்தை அதற்கு அடுத்த வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.